ஒரே குருதி என்று முழங்குவோர்க்கு ஒரு வினா

"நாமெல்லாம் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள், நம் உடல்களில் ஓடுவது ஒரே குருதி" என்று மேடைதோறும் முழங்குகின்றோம். கேட்போரும் கையொலி எழுப்பி மகிழ்கின்றனர். கூட்டம் முடிகின்றது, விளக்கணைக்கின்றோம், வீடு திரும்புகின்றோம். அந்த ஒரே குருதியின் பெயரால் ஒரு தமிழன் மற்றொரு தமிழனின் உயிரைக் காக்கும் வேளை வந்தால் நம்மில் எத்தனை பேர் எழுந்து நிற்போம்? இவ்வினாவை யாம் வெறும் சொல்லழகுக்காகக் கேட்கவில்லை. அவ்வேளை நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றது. எழுந்து நிற்பார்தாம் போதவில்லை.

எம் நண்பர் ஒருவர் சிற்றூரொன்றில் தமிழாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மகனுக்கு அகவை இருபத்திரண்டு. திடீரெனக் காய்ச்சலும் சோர்வும் ஈறுகளில் குருதிக் கசிவும் கண்டன. ஆய்ந்து பார்த்த மருத்துவர்கள் குருதிப் புற்றுநோய் என்றனர். மருந்துகளால் நோய் அடங்கியது. எனினும் அது மீண்டும் தலைதூக்கும் வகையைச் சேர்ந்ததாகலின், குருத்தணு மாற்று ஒன்றே நிலையான வழி என்றும் கூறினர். இளைஞனுக்குத் தமக்கை ஒருத்தி, தங்கை ஒருத்தி. இருவர் அணுக்களும் முழுமையாகப் பொருந்தவில்லை. பதிவேட்டில் தேடியபோது, முழுதும் பொருந்திய தமிழ் இளைஞர் ஒருவர் கிடைத்தார். கேட்டதும் இசைந்தார். நண்பர் வீட்டில் அன்று விளக்கேற்றி மகிழ்ந்தனர்.

பத்து நாள் கழித்து அவ்விளைஞர் மறுத்துவிட்டார். "முதுகெலும்பைத் துளைத்து உறிஞ்சுவார்கள், பிறகு உன்னால் நிமிரவே முடியாது" என்று வீட்டார் அச்சுறுத்தியதே அதற்குக் கரணியம். அவரை யாம் பழிக்கவில்லை. அவருக்கு அனுப்பப்பட்ட விளக்கத் தாள் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அவர்தம் தாய்க்கு அதனை எடுத்துரைப்பார் எவருமிலர். வேறொருவரைத் தேடிய ஆறு கிழமைகளில் நோய் திரும்பி வந்தது. மீண்டும் கடுமருந்து, மீண்டும் செலவு, வீடு கைமாறிற்று. முடிவில் தங்கையின் பாதி பொருந்திய அணுக்களைக் கொண்டே மாற்று நடந்தேறியது. இளைஞன் இன்று உயிருடன் இருக்கின்றான். அது மருத்துவத்தின் வெற்றி. அவன் அந்த ஆறு கிழமைகளில் பட்ட பாடோ நம் குமுகாயத்தின் தோல்வி.

இந்நோயையும் இம்மாற்றையும் பற்றி நம்மவர் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். தெளிவில்லாத இடத்தில்தான் அச்சம் குடிபுகுகின்றது.

எலும்புகளின் உட்குழிவில் மென்மையான பொருளொன்று நிறைந்துள்ளது. வடசொல்லால் மஜ்ஜை எனப்படும் அதனை நம் ஊரார் நல்லி என்பர். குருதியின் செவ்வணு, வெள்ளணு, குருதியை உறையச் செய்யும் தட்டணு ஆகிய மூன்றும் அந்நல்லியிலுள்ள தாய் அணுக்களிலிருந்தே நாள்தோறும் பிறக்கின்றன. வாழையின் குருத்திலிருந்து இலைகள் விரிவதுபோல் அவற்றிலிருந்து எல்லா அணுக்களும் விரிவதால் அவற்றைக் குருத்தணுக்கள் என்கின்றோம். இவ்விளைநிலத்திலேயே நோய் தோன்றிவிட்டால், களையை மட்டும் பறித்துப் பயனில்லை. கடுமருந்தாலோ கதிராலோ நிலத்தையே வெறுமையாக்கி, நல்லார் ஒருவரின் குருத்தணுக்களைப் புதிதாக விதைத்தல் வேண்டும். அறுவைக் கத்திக்கு இங்கு வேலையில்லை. குருதி ஏற்றுவதுபோலவே அணுக்கள் நரம்பின் வழியே உடலுட் செல்கின்றன. எலும்புக்குள் தம் இடத்தைத் தாமே தேடிச் சேர்கின்றன. இரண்டு மூன்று கிழமைகளில் முளைவிடுகின்றன. புதிய வெள்ளணுக்கள் எஞ்சிய நோயணுக்களைத் தேடி அழிப்பதும் உண்டு. இப்பண்டுவத்தின் தனி ஆற்றலே அதுதான்.

இது ஒரே நாளில் கிட்டிய அறிவன்று. அமெரிக்க மருத்துவர் தானல் தாமசு 1950-களின் நடுவிலேயே இம்முயற்சியைத் தொடங்கினார். தொடக்கக் கால நோயர் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பலர் கைவிட்ட முயற்சியை அவர் கைவிடவில்லை. 1990-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1958-இல் யூகோசுலாவிய அணுவுலையொன்றில் கதிர்த்தாக்குற்ற அறுவர் பாரிசு நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர் சார்ச்சு மத்தே அவர்களுள் ஐவர்க்குப் பிறர் தந்த நல்லியைச் செலுத்தினார். ஒருவர் இறந்தார், ஏனையோர் பிழைத்தனர். நல்லியை வழங்கியோர் பிரஞ்சு மக்கள். பெற்றவர்களின் மொழியும் நாடும் வேறு. அதே 1958-இல் பிரஞ்சு அறிஞர் சீன் தோசே வெள்ளணுக்களின் மேலுள்ள அடையாளங்களுள் முதலாவதைக் கண்டறிந்தார். ஓருடலின் அணுவை மற்றோருடல் ஏற்பதும் தள்ளுவதும் பெரிதும் அவ்வடையாளங்களைப் பொறுத்தனவே. 1980-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அறிவியலார் இவ்வளவு செய்தபின், பொதுமக்கள் செய்யவேண்டிய பங்கை உலகுக்குக் காட்டியவர் ஒரு தாய். செர்லி நோலன் என்னும் அம்மையாரின் மகன் ஆந்தணி, நோயெதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் அரிய பிறவி நோயுடன் 1971-இல் பிறந்தான். உறவினருள் எவர் நல்லியும் அவனுக்குப் பொருந்தவில்லை. உறவில் இல்லையேல் ஊரில் இருத்தல் கூடுமன்றோ? 1974-இல் இலண்டனில் அவ்வம்மையார் கொடையர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். பொருந்தும் கொடையர் கிடைக்காமலே 1979-இல் ஆந்தணி மறைந்தான். தாய் பதிவேட்டை மூடிவிடவில்லை. தன் பிள்ளைக்குப் பயன்படாத அவ்வேடு பிறர் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று நடத்தினார். இன்று உலகப் பதிவேடுகளில் நாலு கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்துள்ளனர். அதற்கு முன்னோடியாக நின்றது அத்தாயின் முயற்சி.

நம் நாட்டிலும் இப்பண்டுவம் புதியதன்று. மும்பை தாதா நினைவு மருத்துவமனையில் 1983-இல் முதல் மாற்று நடந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தொடங்கியது. நாற்பது ஆண்டுப் பட்டறிவு நம் மண்ணிலேயே உள்ளது. கைதேர்ந்த மருத்துவர்க்கும் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கின்றது.

வெள்ளணு அடையாளங்களை மருத்துவர் எச்.எல்.ஏ. என்பர். இவற்றில் ஒரு பாதியைத் தாயிடமிருந்தும் மறுபாதியைத் தந்தையிடமிருந்தும் நாம் பெறுகின்றோம். ஆகவே உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பே உண்டு. குடும்பங்கள் சிறுத்துவிட்ட இந்நாளில், ஒற்றைப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பும் இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை நடந்த குடும்பங்களில் சிற்றப்பன், பெரியம்மை வழியில் சிலபோது ஒப்புமை கிட்டுவதுண்டு. மற்றையோர் பதிவேட்டை நாடித்தான் ஆகவேண்டும்.

இவ்வடையாளங்கள் மக்கட் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடும். ஆகையால் ஒரு நோயர்க்குப் பொருந்தும் கொடையர் அவருடைய முன்னோர் வழிவந்த மக்களிடையே கிடைப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அமெரிக்கப் பதிவேட்டை ஆய்ந்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐரோப்பிய வழியினரான வெள்ளையர்க்கு நன்கு பொருந்தும் கொடையர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. கருப்பின மக்களுள் ஒரு பிரிவினர்க்கோ அது 16 விழுக்காடே. நோய் நிறம் பார்த்து வருவதில்லை. மீளும் வழிதான், யார் யார் பதிந்துள்ளனர் என்பதைப் பார்த்துத் திறக்கின்றது.

நம் நிலை என்ன? எட்டுக் கோடியைச் சற்றே தாண்டிய மக்களைக் கொண்ட செருமனியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிந்துள்ளனர். அங்கு எட்டுப் பேரில் ஒருவர் கொடையர். நூற்று நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவிலோ பதிந்தோர் சில நூறாயிரவரே. அப்பதிவேடுகளுள் பெரியதொன்றான தாத்திரி 2009-இல் நம் சென்னையிலேயே தொடங்கப்பட்டது. பதிவேடு நம் வாயிலில் இருக்கின்றது. நாம்தாம் வாயிலைக் கடந்து செல்லவில்லை.

ஈண்டு ஒன்றை அழுத்திக் கூறுதல் வேண்டும். முன்னோர் வழி என்றவுடன் இனத்தூய்மை என்று எவரும் பொருள் கொள்ளற்க. இவ்வடையாளங்கள் உயர்வு தாழ்வு காட்டும் முத்திரைகள் அல்ல. தமிழனுக்குத் தெலுங்கர் ஒருவர் பொருந்தலாம், சிங்களவர் பொருந்தலாம், செருமானியரும் பொருந்தலாம். உடன்பிறந்தார் பொருந்தாமற் போதலும் இயல்பே. மேலும், நூற்றாண்டுக் கணக்காகச் சாதிக்குள்ளேயே மணந்துவந்த கேட்டினால் நம் மரபணுக்கள் ஓராறாய் ஓடாமல் பல குட்டைகளாய்த் தேங்கிக் கிடக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் உள்ள கல்லூரி மாணவர் மட்டும் பதிந்தால் போதாமைக்கு அதுவே கரணியம். நெல்லைக் கரையின் மீனவரும் கொல்லிமலைப் பழங்குடியினரும் தஞ்சை உழவரும் வடாற்காட்டு நெசவாளரும் ஏட்டில் இடம்பெறல் வேண்டும். புலம்பெயர்ந்து கனடாவிலும் இங்கிலாந்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் அவ்வந் நாட்டுப் பதிவேடுகளிற் பதிதல் வேண்டும். பதிவேடுகள் உலகளாவிய வலையால் பிணைக்கப்பட்டிருத்தலின், தொறந்தோவில் பதிந்த ஒருவர் மதுரையிலுள்ள நோயர்க்கு உயிரளிக்க முடியும்.

பதிவது எத்துணை எளிது என்பதையும் பார்ப்போம். பதினெட்டு அகவை நிறைந்த நலமுடையார் எவரும் பதியலாம். முப்பத்தைந்துக்கு உட்பட்டோரின் அணுக்களையே மருத்துவர் பெரிதும் விரும்புவர். பஞ்சு சுற்றிய சிறு குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சற்றே தேய்த்து எடுப்பர், அவ்வளவே. வாழ்நாள் முழுதும் அழைப்பே வாராமற் போதலும் உண்டு. அழைப்பு வந்தால் பெரும்பாலும் குருதியிலிருந்தே அணுக்களைப் பிரித்தெடுக்கின்றனர். நாலைந்து நாள் ஊசி போடுவர். அதனால் நல்லியிலுள்ள குருத்தணுக்கள் பெருகிக் குருதிக்குள் இறங்கும். உடல்வலி, தலைவலி தோன்றலாம்; சில நாளில் நீங்கும். பின்னர் ஒரு கையிலிருந்து குருதி பொறியினுட் சென்று, குருத்தணுக்கள் பிரிக்கப்பட்டு, மற்றைக் கை வழியே உடலுக்குத் திரும்பும். அதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். சிலர்க்கு மட்டும் மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து நல்லியை எடுப்பர். முதுகெலும்பை எவரும் தொடுவதில்லை. கொடுத்த அணுக்கள் சில கிழமைகளில் மீண்டும் ஊறிவிடும்.

இவ்வளவையும் தமிழில் எடுத்துச் சொல்ல எத்தனை மணித்துளி ஆகும்? சொல்லாமையால் ஓரிளைஞர் மறுத்தார். மற்றோரிளைஞன் சாவின் வாயிலைத் தொட்டு மீண்டான். நண்பர்தாமும் மகனுக்காகப் பதினான்கு பக்க ஆங்கில இசைவுப் படிவத்தில் கையெழுத்திட்டார். தமிழில் இலக்கணம் கற்பித்த அவர், தம் மகன் உடலுக்கு என்ன செய்யப்போகின்றார்கள் என்பதைத் தம் மொழியில் படித்தறிய இயலவில்லை. அம்மருத்துவமனையின் பெயர் வேண்டா. ஒன்றைச் சுட்டினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். தமிழகத்து மருத்துவமனை ஒவ்வொன்றும் இசைவுப் படிவத்தையும் கொடையர் விளக்கத்தையும் எளிய தமிழில் தருவதை அரசு கட்டாயமாக்குதல் வேண்டும். மொழியுரிமை இங்கு உயிருரிமையாகின்றது. கலைச்சொல் ஆக்குவோரும் இதனை உளங்கொள்க: நாம் ஆக்கும் சொல் ஏட்டில் உறங்குவதற்கன்று, நள்ளிரவில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்கு விளங்குவதற்கே.

"பாதி பொருந்தினாலே மாற்றுச் செய்யலாம் என்கின்றீரே, நண்பர் மகனும் அவ்வாறுதானே பிழைத்தான்? பின் பதிவேடு எதற்கு?" என்று அறிவுடையார் கேட்பர். முறையான கேள்வியே. அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு மருத்துவர்கள் வகுத்த முறை ஒன்றுண்டு. மாற்று முடிந்த மூன்றாம் நான்காம் நாள்களில் சைக்ளோபாசுபமைடு என்னும் பழைய, விலை மலிந்த மருந்தைக் கொடுத்து, கொடையணுக்கள் நோயரின் உடலையே தாக்கும் சிக்கலைத் தணிக்கின்றனர். இதனால் தாய், தந்தை, பிள்ளை, பாதி பொருந்திய உடன்பிறப்பு ஆகிய எவரும் கொடையராகலாம். நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது பெருங்கொடை. ஆயினும் தாய் தந்தையர் முதுமையாலோ நீரிழிவாலோ கொடுக்க இயலாதிருக்கலாம். சில நோயரின் குருதியில் உறவினர் அணுக்களுக்கு எதிரான ஆற்றல் முன்னரே தோன்றியிருக்கலாம். அம்மருந்துமுறை நன்கு பொருந்திய கொடையர் வழியாகச் செய்யும் மாற்றிலும் மேலான பயன் தருவதை 2023-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே இரு வழிகளும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல. எவ்வழி சிறந்ததென மருத்துவர் தேர்ந்தெடுக்கும் நிலை வேண்டுமானால் இரண்டும் திறந்திருத்தல் வேண்டும்.

கொடையர் கிடைத்த பின்னும் மற்றொரு மதில் நிற்கின்றது. அது பொருள். பிறர் அணுவைக் கொண்டு செய்யும் மாற்றுக்கு நம் நாட்டில் பத்து முதல் இருபது நூறாயிரம் உருபா வரை செலவாகின்றது. சிக்கல் நேர்ந்தால் அதற்கும் மேல். வெளிநாட்டுப் பதிவேட்டிலிருந்து அணுவைத் தருவித்தால் மேலும் பல நூறாயிரம் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து நூறாயிரம் உருபா வரை உதவி கிட்டுகின்றது. பெருஞ்செலவுப் பண்டுவங்களுக்கெனத் தனி வைப்புத் தொகையும் உள்ளது. இவை நல்ல தொடக்கமே. ஆனால் இன்னும் எஞ்சும் செலவுதான் ஏழையின் நிலத்தையும் தாலியையும் விழுங்குகின்றது. மாற்று முடிந்த பின் நூறு நாளேனும் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கவேண்டும். வாடகை, உணவு, இழந்த கூலி ஆகியவற்றை எந்தக் காப்பீடும் கணக்கிடுவதில்லை.

"அரசால் இவ்வளவும் ஆகுமா?" என்று மலைப்பவர் ஒரு வழக்கை நினைவு கொள்க. குருதிப் புற்றுநோயின் நாட்பட்ட வகையொன்றிற்கு 2001-இல் இமாட்டினிபு என்னும் மாத்திரை வந்தது. அதன் வரவால் அந்நோயர் பெரும்பாலோர்க்கு மாற்றே வேண்டாதாயிற்று. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிசு குழுமம் கிளைவெக் என்ற பெயரில் விற்ற அம்மருந்துக்குத் திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 உருபா; அதையே இந்தியக் குழுமங்கள் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 உருபாவுக்குத் தந்தன. அம்மருந்தின் புதிய வடிவுக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. சட்டப் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நயன்மன்றம் 2007-இல் தள்ளிற்று. 2013 ஏப்பிரல் முதல் நாள் உச்சநயன்மன்றமும் காப்புரிமை இல்லையென்று தீர்ப்பளித்தது. உறுதியாக நின்றால் மலையும் வழிவிடும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா.

ஆகவே அரசிடம் நாம் கேட்பவை மூன்று: பதிவோரின் அணு ஆய்வுச் செலவை அரசு ஏற்றல், மாற்றுக்கான முழுச் செலவையும் காப்பீட்டுள் கொணர்தல், சென்னைக்கும் வேலூருக்கும் அப்பால் தென்மாவட்ட, மேல்மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான பிரிவுகளை அமைத்து, அருகிலேயே நோயர் குடும்பத்தார் தங்க இல்லம் எழுப்புதல்.

அரசைக் கேட்டுவிட்டு நாம் வாளாவிருப்பதோ? அன்று. இனி நம் கூட்டம் நடக்கும் இடந்தோறும் நூல் விற்கும் மேசைக்கு அருகில் பதிவு மேசை ஒன்றும் இடம்பெறட்டும். இளையோர் பதிக. அகவை கடந்தோர் தம் மக்களுக்கும் மாணவர்க்கும் எடுத்துரைக்க. பதியுமுன் வீட்டாரோடு கலந்து பேசுக; ஏனெனில் பதிந்து, இசைந்து, இறுதியில் மறுத்தல் பதியாமையினும் கொடிது. கொடையரின் அணு வருமென்று நம்பி நோயரின் நல்லியை மருத்துவர் வெறுமையாக்கிய பிறகு ஒருவர் பின்வாங்கினால், அந்நோயர்க்குப் போக்கிடமில்லை. அச்சமிருந்தால் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிக. தெளிந்தபின் சொன்ன சொல்லில் நிற்க.

நண்பர் மகன் இப்போது ஊரில் இருக்கின்றான். நோய்க்குமுன் உதிர்ந்த முடி மீண்டும் வளர்ந்துள்ளது. அண்மையில் எம்மைக் கண்டபோது அவன் கேட்டது ஒன்றே: "ஐயா, மறுத்துவிட்டாரே, அந்த அண்ணன் இப்பொழுது எப்படி இருக்கின்றார்? அவருக்கு எவரேனும் நன்றாக விளக்கிச் சொன்னார்களா?" சினமின்றி அவன் கேட்ட அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. இக்கட்டுரையைப் படித்து முடித்த கையோடு அன்பர் ஒருவரேனும் எழுந்து சென்று பதிவாராயின், அதனையே விடையாக அவனிடம் சொல்வோம்.